பாலஸ்தீனப் பேரீச்சம்பழ மாமூல் வீட்டில் செய்தால் ஏன் கல் மாதிரி ஆகிவிடுகிறது?

மாமூல் என்றால் ரவை மாவுக்குள் பேரீச்சம்பழ விழுதை வைத்துச் சுடும் அரபு பிஸ்கட். கல் மாதிரி ஆகிறதென்றால், சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்திருப்பீர்கள். ரவையை ஊறவும் விட்டிருக்க மாட்டீர்கள். அரை மணி நேரத்தில் மாமூல் என்று ஏதாவது வீடியோ பார்த்திருப்பீர்கள், சரிதானே? குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் மாமூலைக் கடித்த நாத்தனார், "பல் செட்டுக்குக் காசு யார் கொடுப்பா?" என்று கேட்டது பத்து வருஷமாகியும் ஆறவில்லை.

அப்போது ஷார்ஜாவில் இருந்தோம். எதிர் ஃபிளாட்டில் ஒரு பாலஸ்தீன அம்மா. 'காலா' என்று கூப்பிடுவேன், நம் சித்தி மாதிரி. 1948-இல் யாஃபாவை விட்டுக் கிளம்பிய குடும்பம், அவர் பிறந்தது அம்மானில். யாஃபா ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அதைக் கண்ணால் பார்க்காதவர், மாவில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் "எங்க ஊர் வாசனை" என்பார்.

என் கல்லைத் தின்று பார்த்துவிட்டு, பெருநாளுக்கு முந்தின வாரம் என்னைத் தன் வீட்டுத் தரையில் உட்கார வைத்தார். ரவை 3 கப், மைதா 1 கப், உருக்கிய நெய் ஒன்றேகால் கப், கொஞ்சம் சர்க்கரை. பிசையவே இல்லை. புட்டு மாவு விரவுகிற மாதிரி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ரவைக்கும் நெய் ஏற வேண்டுமாம். ஈர மணல் பதம் வந்ததும் மூடி வைத்துவிட்டு, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் அரை டீஸ்பூன் ஈஸ்ட், பொடித்த சோம்பு, மஹ்லப் (ஒரு வகைச் செர்ரிக் கொட்டையின் பருப்பு), மஸ்தகி. மஸ்தகி பிசின் என்பதால் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள், இல்லாவிட்டால் உலக்கையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பன்னீரும் ஆரஞ்சுப்பூத் தண்ணீரும் தெளித்து, பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்குச் சேர்த்தால் போதும். மஹ்லப் கிடைக்காவிட்டால் சோம்பை மட்டும் போடுங்கள். மைதா சேர்த்தால் அது மாமூலே இல்லை என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள் என்று தெரியும். ரவை மட்டும் போடும் வீடுகளும் உண்டு, நான் கற்றது இது. வறுத்த ரவை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. செய்முறையில் 'அஜ்வா' என்று பார்த்துவிட்டு மதீனா அஜ்வாப் பழத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள். நான் வாங்கினேன், காலா தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் பேச்சில் அஜ்வா என்றால் பேரீச்சம்பழ விழுதுதான். மெத்தென்ற எந்தப் பழமானாலும் கொட்டை நீக்கி, கொஞ்சம் நெய்யும் பட்டைப்பொடியும் விட்டு மசித்தால் ஆயிற்று.

விழுதை மாவுக்குள் வைத்து மூடி, அவனில் 200 டிகிரியில் பதினைந்து, இருபது நிமிஷம். மேலே வெளுப்பாக இருக்கும்போதே அடிப்பக்கம் சிவந்துவிடும், அப்போதே எடுத்துவிடுங்கள். மேலும் சிவக்கட்டும் என்று விட்டால் நாத்தனார் கதைதான். சூட்டில் தொடாதீர்கள், உதிரும்.

மாமூலை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். காலா எனக்கொரு மர அச்சு வாங்கித் தந்திருந்தார், உள்ளே பூ செதுக்கியது. ஊர் திரும்பும்போது சாமான் அனுப்பிய கம்பெனிக்காரர்கள் அந்தப் பெட்டியையே தொலைத்துவிட்டார்கள். நான்கு மாதம் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நஷ்டஈடு தந்தார்கள். மர அச்சு என்ன எடை இருக்கும், சொல்லுங்கள்? மிக்ஸிக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. சரி, விடுங்கள்.

அதனால் இப்போது கையாலேயே கஅக் செய்கிறேன். அதே மாவு, அதே விழுது. விழுதை மாவுக்குள் வைத்துத் திரித்து வளையமாக மூட்ட வேண்டும். பெத்லகேம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு இதைச் செய்யும்போது வளையத்தை இயேசுவின் முள்முடி என்பார்கள். மேலே கிள்ளிக் கோலம் போட அவர்களிடம் சின்ன இடுக்கி இருக்கிறது. சோமாஸ் ஓரம் மடித்துப் பழகிய விரலுக்கு அதுகூட வேண்டாம்.

போன பெருநாளுக்குப் போட்டோ அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டை பெரிசு" என்று காலாவிடமிருந்து பதில் வந்தது.