மெனோபாஸும் வறண்ட முடியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

புதன்கிழமை கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஞாயிறுக்குள் அறுபதைத் தாண்டிவிட்டன. அதில் பாதிக்கு மேல் “எந்த ஷாம்பூ நல்லது?” என்பதுதான். நான் டாக்டர் இல்லை. 28 வருடம் சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி பார்மசி கவுண்டரில் நின்றவள். எனக்கு 50 வயதில் மாதவிடாய் நின்றது. என் முடியும் தேங்காய் நாராகி, ஒருவழியாக மீண்டது. பிராண்ட் பெயர் மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

மாலா, தெம்பனிஸ்: அக்கா, எனக்கு 49. பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. இடுப்பு வரைக்கும் முடி. தொட்டா வைக்கோல் மாதிரி இருக்கு. மெனோபாஸாலயா?

பாதி ஆமாம். எந்தப் பாதி என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். முடியை முன்னால் போட்டு, வேரிலிருந்து நுனிவரை விரலால் உருவிப் பாருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்புவரை முடி இருந்தால் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். அதாவது, அது உங்களுக்கு மாதாமாதம் ஒழுங்காக வந்த காலத்து முடி. அதைக் கெடுத்தது மெனோபாஸ் இல்லை, ஐந்து வருட வெயில், சீப்பு, டை, டிரையர். நுனி மட்டும் வைக்கோல் என்றால் நான்கு விரற்கடை வெட்டுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

காதுக்கு மேலேயே, புதிதாக வளரும் இடத்திலேயே முரடாக இருந்தால் அது வேறு கதை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும்போது தலைச் சருமத்தில் எண்ணெய் சுரப்பது குறைகிறது. முடி வளரும் பருவமும் குறுகி, இழை மெலிகிறது. நடுவில் நரையும் கலந்தால், அந்த இழைகள் மற்றவற்றோடு சேராமல் கம்பி மாதிரி தனியே நிற்கும்.

இன்னொன்று. மாதவிடாய் ஒழுங்கில்லாத இந்த வருடங்களில் பலருக்கு ரத்தப்போக்கு அதிகம். அதில் இரும்புச்சத்து கரைந்துவிடும். தைராய்டு குறைந்தாலும் முடி வறண்டு முரடாகும். அதன் மற்ற அறிகுறிகளைப் பாருங்கள்: சோர்வு, எடை ஏறுவது, மலச்சிக்கல், மறதி. எல்லாவற்றையும் நாம் “மெனோபாஸ்தான்” என்று தள்ளிவிடுகிறோம். பாலிக்ளினிக்கில் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும் என்று வாய் விட்டுக் கேளுங்கள். கண்ணும் வாயும்கூட வறண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், ஈசூன்: எந்த ஷாம்பூ நல்லது?

மேலே பாருங்கள்.

கலா, உட்லண்ட்ஸ்: எங்க அம்மா நல்லெண்ணெய்தான் வைக்கணும்ங்கிறாங்க. என் மாமியார் விளக்கெண்ணெய். தேக்காவுல ஒரு கடைக்காரர் ஆர்கான் ஆயில். நான் எதைத்தான் கேக்குறது?

மூவரில் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் சொல்கிறேன். கையில் ஆதாரம் அதிகமுள்ளது தேங்காய் எண்ணெய்க்கு. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடிக்குள்ளேயே நுழைந்துவிடும். (ஆய்வைச் செய்தவர்கள் மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

தலைக்குக் குளிப்பதற்கு முன் முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். மண்டையில் சொட்டச் சொட்ட ஊற்றாதீர்கள். நல்லெண்ணெய் முடிக்கு வெளியே பளபளப்பும் வழுவழுப்பும் தரும், தப்பில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காதவள் நம் வீட்டுப் பெண்ணா! ஆனால் விளக்கெண்ணெயை நீள முடியில் தேய்க்காதீர்கள். அந்தப் பிசுபிசுப்பில் முடி சடைபிடித்து, வெட்டியே எடுக்க வேண்டிவந்த கதை மருத்துவ இதழில் வந்திருக்கிறது. முடி வளரவைக்கும் என்பதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை. மாமியாரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: தலையில் செதில் உதிர்ந்து அரித்தால் “வறண்டுபோச்சு” என்று எண்ணெய் வைத்துவிடாதீர்கள். அது பொடுகாக இருக்கலாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. பார்மசியில் கேட்டோகோனசோல் ஷாம்பூ கேளுங்கள். வாரம் இருமுறை, தேய்த்ததும் கழுவிவிடாமல் மூன்று நான்கு நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

திரு. ரா., புக்கிட் பாத்தோக்: என் மனைவிக்காகக் கேட்கிறேன். முடியும் வறட்சி, கோபமும் அதிகம். என்ன செய்யலாம்?

முடிக்கு மேலேயுள்ள பதில். கோபத்துக்குப் பாத்திரம் தேய்த்துப் பாருங்கள்.

சுமதி, பொங்கோல்: அக்கா, எல்லாம் இந்த ஊர்த் தண்ணிதான். ஊர்ல இருந்தப்ப முடி எப்படி இருந்துச்சு தெரியுமா? மூணு வருஷம் முன்னாடி இங்க வந்தேன், அப்புறம்தான் இப்படி. கழிவுநீரைச் சுத்திகரிச்சு எடுக்குற நியூவாட்டர்ல என்னென்னவோ கலக்குறாங்களாம். 89 வெள்ளிக்கு ஃபில்டர் ஷவர் வாங்கி மாட்டியிருக்கேன்.

சுமதிம்மா, வயது 47 என்று கேள்வியின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். 44இல் வந்தீர்கள். மூன்று வருடத்தில் மாறியது தண்ணீரா, நீங்களா?

முடியைச் சொரசொரப்பாக்குவது கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடியில் படியும். சென்னையில் போர்த் தண்ணீரில் குளித்தவர்களுக்கு வாளியின் ஓரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு நினைவிருக்கும். இங்கே குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மென்மையானது. நியூவாட்டரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் ஆலைகளுக்கும்தான் போகிறது. மீதி கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்திகரிக்கப்படுகிறது.

சுமதி, மறுபடி: அப்ப குளோரின் வாசனை வருதே, அது பொய்யா?

பொய்யில்லை. கிருமி கொல்ல மருந்து கலந்துதான் அனுப்புவார்கள். கலக்காவிட்டால் நாமே கலக்கச் சொல்லிப் போராடுவோம். வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்தில் இறங்குகிறவர் முடி கெட்டது என்றால் நம்புவேன். அவர்கள் இறங்கும் முன் நல்ல தண்ணீரால் முடியை நனைத்து, தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

இன்னும் ஐந்து பேர், சுமதிக்கு ஆதரவாக. (தெம்பனிஸ் மாலாவுமா? உங்களுக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேனே!)

சரி, ஐந்து பேருக்கும் சேர்த்து. இங்கே பிறந்து வளர்ந்த என் அக்காவுக்கு 52 வயதில் இதே கதை. அவர் பிறந்த நாள் முதல் இந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார். சந்தேகம் தீராதவர்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர் தர அறிக்கையைப் பார்க்கலாம், வெளிப்படையாகவே போடுகிறார்கள்.

இந்த ஊரில் கவனிக்க வேண்டியது காற்று. வெளியே ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஆபீஸ் ஏர்கானில் அது வெகுவாக இறங்கும். எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி நடந்தால் முடி ஈரம் குடித்து உப்புகிறது. உள்ளே போனால் வற்றுகிறது. எண்ணெய்ப் பூச்சு குறைந்த முடிக்கு இந்த ஏற்ற இறக்கம் தாங்காது. “இவ்வளவு புழுக்கத்தில் எப்படி வறளும்?” என்று மூன்று பேர் கேட்டதற்கும் இதுவே பதில். ஈரம் வேறு, எண்ணெய் வேறு. குளித்ததும் சொட்டும் ஈரத்தோடு கொஞ்சம் கண்டிஷனரை, கழுவாமல் விடும் வகையை, நுனியில் தடவிக்கொண்டு கிளம்புங்கள். 89 வெள்ளிக்கு அது எத்தனை பாட்டில் வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பற்றி இனி பதில் இல்லை.

வாசுகி, செங்காங்: ராத்திரி ஹாட் ஃப்ளஷ்ல, திடீர்னு உடம்பு சூடாகி வேர்த்து, தலை நனைஞ்சு போகுது. தினமும் குளிச்சா இன்னும் வறளும்ங்கிறாங்க.

தினமும் அலசுங்கள், தினமும் ஷாம்பூ வேண்டாம். வெறும் தண்ணீர், பிறகு காதுக்குக் கீழே கண்டிஷனர். வாரம் இரண்டு மூன்று நாள் ஷாம்பூ, அதுவும் மண்டைக்கு மட்டும். வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள், அதன் காரம் முடியின் செதில்களைத் தூக்கிவிடும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள்.

ஃபாத்திமா, பிடோக்: பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் ஒரு வைட்டமின். அந்தச் சத்துக் குறைவு இல்லாதவருக்குப் பயன் தெரியவில்லை. ஆனால் கெடுதல் ஒன்று தெரியும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் ரத்தம் எடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கவுண்டரில் நின்றபோது தினமும் சொன்னது இது, இங்கேயும் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம், ஜூரோங்: டை வேண்டாம்னு மருதாணிக்கு மாறினேன். அதுவும் வறளுதே?

இலையை அரைத்ததென்றால், வறட்சி கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. மறுநாள் கண்டிஷனர் போடுங்கள். ஆனால் அரை மணியில் கறுப்பு ஏறும் “கறுப்பு மருதாணி” பொடி என்றால் உடனே நிறுத்துங்கள். மருதாணி இயற்கையாகச் செம்மண் நிறம்தான் தரும். கறுப்பாக்குவது பெரும்பாலும் டையில் இருக்கும் அதே பிபிடி என்ற ரசாயனம். அதற்கு ஒவ்வாமை வந்தால் முகமே வீங்கும், வாழ்நாள் முழுக்கத் தொடரும். எந்த டையானாலும் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். முப்பது வருடமாகப் போடுகிறேனே என்பது காப்பு இல்லை. ஒவ்வாமை எந்த வருடமும் தொடங்கலாம்.

சாந்தி, அங் மோ கியோ: வகிடு அகலமாகுது. நெத்தியும் ஏறின மாதிரி இருக்கு. புருவமும் மெலிஞ்சிடுச்சு.

இது வறட்சிக் கேள்வி இல்லை. வகிடு மட்டும் என்றால் பெண்களுக்கு வரும் பரம்பரை முடி உதிர்வாக இருக்கலாம், அதற்கு மினாக்சிடில் என்ற மருந்து உண்டு. நெற்றி ஏறுவதும் புருவம் போவதும் சேர்ந்து வந்தால், மெனோபாஸுக்குப் பின் வரும் ஒருவகைத் தழும்பு வழுக்கையா என்று பார்க்க வேண்டும். அதில் போன முடி திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம். தாமதிக்காமல் பாலிக்ளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு நேஷனல் ஸ்கின் சென்டர் போங்கள்.

பெயர் வேண்டாம், தோ பாயோ: எந்த ஷாம்பூ...

இல்லை.

லதா, சிராங்கூன்: ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா முடி பழையபடி ஆகுமா?

முடிக்காக மட்டும் அதை எழுதித் தரமாட்டார்கள். ஹாட் ஃப்ளஷ், தூக்கமின்மை படுத்தினால் டாக்டரிடம் பேசுங்கள்.

தேவி, பூன் லே: எனக்கு 54. நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. கெரட்டின் ட்ரீட்மென்ட் பண்ணலாமான்னு கேக்கத்தான் எழுதுறேன். போன மாசம் ரெண்டு நாள் லேசா ரத்தம் பட்டுச்சு, அதனால ஹார்மோன் திரும்ப வந்து முடி சரியாகிடுமோன்னும் ஒரு ஆசை.

தேவி, கெரட்டினை விடுங்கள். பன்னிரண்டு மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் கர்ப்பப்பையைப் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். சில சமயம் புற்றுநோயின் முதல் அறிகுறி, ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும் வகை. நாளை திங்கள். காலையிலேயே பாலிக்ளினிக்கைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரியை அப்படியே சொல்லுங்கள். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.