கார்பெட்டின் ரைஃபிளைச் செய்த கம்பெனி இப்போது யார் கையில்?

கேள்வி: சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைஃபிள் பரிசாகக் கிடைத்தது என்று படித்தேன். அந்த ரிக்பி கம்பெனி இன்னும் இருக்கிறதா? அமெரிக்காவுக்குப் போய்விட்டது என்கிறார் என் நண்பர். ஜெர்மன்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி?
- ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதலில் அமெரிக்காவுக்குப் போனது, அப்புறம் ஜெர்மன்காரர்கள் வாங்கினார்கள். இன்று கம்பெனி லண்டனில் இருக்கிறது.

ரிக்பி பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, அயர்லாந்தில். 1775ல் டப்ளினில் ஜான் ரிக்பி தொடங்கிய கடை அது. பேரன் காலத்தில் லண்டனில் கிளை திறந்தார்கள். 1897ல் டப்ளின் கடையை விற்றுவிட்டு முழுக்க லண்டன்வாசியானார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அது பல கைகள் மாறியது. 1980களில் பால் ராபர்ட்ஸ் என்ற துப்பாக்கி வல்லுநர் பொறுப்பேற்றார். தொழில் தெரிந்த மனிதர். 1990களில் .450 ரிக்பி தோட்டாவைக் கொண்டுவந்தவர் அவர். 1997ல் அவர் விற்க, பெயர் கலிபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸ் ஊருக்குப் போனது. அங்கே இருந்த பதிமூன்று வருடத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை. லண்டன் பட்டறையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று கற்றுக்கொண்ட வேலை அது. பெயரை விமானத்தில் ஏற்றலாம், அந்தப் பட்டறையை ஏற்ற முடியுமா? 2010ல் டெக்சஸைச் சேர்ந்த முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். 2013ல் எல் அண்டு ஓ என்ற ஜெர்மன் குழுமம் வாங்கி, மறுபடி லண்டனில் பட்டறை போட்டது.

'ஜெர்மன்காரனிடம் போய்விட்டதே' என்று வருத்தப்படுகிறவர்களுக்குக் கார்பெட்டின் ரைஃபிளையே காட்டுவேன். என் அப்பா கோவையில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுது பார்ப்பவராக இருந்தார். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே, "வெளியே இருக்கிற பேரைப் பார்க்காதே, போல்ட்டைத் திறந்து பாரு" என்பார். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம். கார்பெட்டின் ரைஃபிளில் அதைத் திறந்தால் தெரிவது ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் மவுசர் என்ற துப்பாக்கிக் கம்பெனி செய்த இயங்கு அமைப்பு. 1890களின் இறுதியிலிருந்தே ரிக்பி அதை வரவழைத்து, லண்டனில் ரைஃபிளாக்கி, தன் பெயரைப் பொறித்து விற்றது. அந்த ரைஃபிளில் போடும், .275 ரிக்பி என்று நாம் சொல்லும் தோட்டாவும் மவுசரின் 7×57 தோட்டாதான், பெயர் மட்டும் ஆங்கிலேயப் பெயர்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், ரிக்பியை வாங்கிய அதே குழுமத்திடம்தான் மவுசரும் இருக்கிறது. பெரிய மிருகங்களுக்கான ரிக்பி ரைஃபிள்களில் இன்றும் மவுசர் எம்98 அமைப்புதான் பொருத்துகிறார்கள். நூறு வருடத்துக்கு முன் வியாபாரப் பங்காளிகளாக இருந்த இரண்டு பெயர்கள் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான்.

பரிசு ரைஃபிள் பற்றி ஒரு வார்த்தை. சம்பாவத் புலியைக் கொன்றது அந்த ரைஃபிள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1907ல் அந்தப் பெண்புலியைக் கொன்ற பிறகு, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜே. பி. ஹியூவெட் கொடுத்த பரிசு அது. அந்த விவரம் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் இருக்கிறது. புலி பலி வாங்கியவர்கள் 436 பேர் என்பது கார்பெட் தரும் கணக்கு. ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926ல் சுட்டது இந்த .275தான்.

1947ல் கார்பெட் கென்யா போனார், 1955ல் அங்கேயே இறந்தார். ரைஃபிள் அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வசம் இருந்தது. 2015ல் ரிக்பி அதை வாங்கியது. கைமாறிக் கைமாறி நொந்துபோன ஒரு கம்பெனி, லண்டன் திரும்பி இரண்டே வருடத்தில் இந்த ஒரு பொருளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டதே, அதற்காகவே புதிய முதலாளிகள்மேல் எனக்கு மரியாதை. பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடவும் இல்லை. 2016ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் வாழ்ந்த குமாவுன் மண்ணில் ஜனங்களுக்குக் காட்டினார்கள்.

காலாதுங்கியில் மியூசியமாகியிருக்கும் அவருடைய வீட்டுக்கு நான் 2011லேயே போய்விட்டேன். அவருடைய மேஜை நாற்காலிகளைப் பார்த்தேன். ரைஃபிளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துப் போயிருக்கலாமே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.