டெஸ்ட் பட்டன் வேலை செய்தால் போதுமா?

கேள்வி: எங்கள் திருமண மண்டபத்துக்கு 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். சமையல்கூடத்து கிரைண்டரை மின்வாரிய சப்ளையில் போட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) உடனே டிரிப் ஆகிறது. ஜெனரேட்டரில் போட்டால் நன்றாக ஓடுகிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டிலுமே டிரிப் ஆகிறது. ஆர்.சி.சி.பி.யை மாற்ற வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கிரைண்டரில் மின்கசிவு இருக்கிறது. பழுது பார்க்கும்வரை எந்த சப்ளையிலும் அதைப் போடாதீர்கள். ஜெனரேட்டரில் அது ஓடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஜெனரேட்டரின் நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் கம்பியை) எர்த் செய்யாமல், அதாவது மண்ணோடு இணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

மின்வாரிய டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் மண்ணோடு இணைந்திருக்கும். கிரைண்டரில் கசியும் மின்சாரம் எர்த் வழியாக அங்கே திரும்பிவிடுவதால், போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் ஏற்படும். அது 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் ஆர்.சி.சி.பி. துண்டித்துவிடும். நான்கு துருவ சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (மூன்று பேஸ் கம்பிகளையும் நியூட்ரலையும் ஒரு சப்ளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது), ஜெனரேட்டருக்கு மாறும்போது மின்வாரிய நியூட்ரலையும் கழற்றிவிடுகிறது. அது சரியான முறைதான். ஆனால் ஜெனரேட்டர் நியூட்ரலுக்குத் தனியாக எர்த் இல்லையென்றால் கசிவு திரும்ப வழியே இல்லை, ஆர்.சி.சி.பி.யும் டிரிப் ஆகாது. டெஸ்ட் பட்டன் இதைக் காட்டாது. அது கருவிக்குள்ளேயே இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிறிது மின்சாரத்தை விட்டுப் பார்ப்பது. எர்த் கம்பிக்கு அதில் பங்கே கிடையாது.

இந்த நிலையில் ஒரு பேஸ் கிரைண்டரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, ஈரத்தரையில் நிற்கும் சமையல்காரர் ஒருவர் வேறொரு பேஸைத் தொட்டுவிட்டால் அவர்மேல் பாய்வது 230 அல்ல, 415 வோல்ட். இரண்டு பேஸும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியாக வந்தால் போவதும் வருவதும் சமமாகிவிடும், அது அசையாது.

எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். எர்த் பாதையின் தடை மொத்தம் 10 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்றே எடுத்துக்கொள்ளும்.

உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரை அழையுங்கள். நியூட்ரலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு, ஜெனரேட்டரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. வேலை முடிந்ததும் ஜெனரேட்டர் ஓடும்போதே, பிளக் பாயிண்டில் ஆர்.சி.சி.பி. டெஸ்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவுக்கு 0.3 வினாடிக்குள் டிரிப் ஆக வேண்டும். இதைப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி வாங்குவோர் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். எர்த் பிட் (எர்த் இணைப்புக்கான குழி), கேபிள், அஸ்திவாரம் எல்லாம் 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்று பல சமயம் அங்கேதான் இருக்கும். நியூட்ரல் எர்த்திங் யார் பொறுப்பு, பேனலில் எர்த் ஃபால்ட் ரிலே (எர்த்துக்குக் கசிவதைக் கண்டு துண்டிக்க வைக்கும் கருவி) உண்டா, சேஞ்ச்ஓவர் நான்கு துருவமா என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் இவற்றில்தான் குறைத்திருப்பார்.

கேள்வி: கடைக்குச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் சுவர் பாயிண்டில் செருகிக்கொள்ளலாம் என்கிறார்களே? (மதுரை வாசகர்)

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். மெயினை அணைக்க ஒருநாள் மறந்தாலும் உங்கள் மின்சாரம் தெருவுக்குப் போகும். அங்குள்ள டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் போய்விடும். அந்த ஒயரை வெட்டி எறியுங்கள்.

ஓரிரு சாதனங்களை ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகி ஓட்டுங்கள். கடை ஒயரிங் முழுவதற்கும் வேண்டுமென்றால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் அவசியம். நியூட்ரலை எர்த் செய்வதற்கு முன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். எல்லாச் சிறு ஜெனரேட்டர்களிலும் அப்படிச் செய்ய முடியாது.