சல்ஃபைடு கரைசல் மஞ்சளானால்?

கேள்வி: சோடியம் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்த்தால் என் புரதத்தின் சிஸ்டீன் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) ஒரு நாள் பெர்சல்ஃபைடாக (கூடுதலாக ஒரு கந்தக அணு இணைந்த –SSH வடிவம்) மாறுகிறது, இன்னொரு நாள் மாறுவதே இல்லை. காரணம் என்ன?

பதில்: முதலில் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். உங்கள் உப்பு கரைந்து தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் சிஸ்டீனின் தயோல் (–SH) தொகுதியிலும் கந்தகத்தின் ஆக்ஸிஜனேற்ற எண் −2 தான். இந்த நிலையில் இரண்டும் நேரடியாகப் பிணையாது. இரண்டு எலக்ட்ரான்கள் வெளியேறியாக வேண்டும். ஒன்று, சிஸ்டீன் முன்பே டைசல்ஃபைடாகவோ சல்ஃபெனிக் அமிலமாகவோ ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்க வேண்டும். அல்லது சல்ஃபைடு பாலிசல்ஃபைடாகியிருக்க (கந்தக அணுக்கள் சங்கிலியாகச் சேர்ந்த வடிவம்) வேண்டும். காற்றும் துளி இரும்பும் பட்ட பழைய உப்பில் நடப்பது இந்த இரண்டாவதுதான். மஞ்சள் நிறம் அதன் அடையாளம். வேலையைச் செய்தது நீங்கள் நினைத்த சல்ஃபைடு அல்ல, அதிலிருந்த மாசு.

பழைய உப்புக்குப் பதிலாக நிறமற்ற சோடியம் சல்ஃபைடு நோனாஹைட்ரேட் படிகங்களை எடுத்து, மேற்பரப்பைத் தண்ணீரில் சட்டென்று அலசி, ஒற்றித் துடையுங்கள். 0.24 கிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மில்லிமோலார். தண்ணீரில் ஆர்கான் வாயுவை முன்கூட்டியே செலுத்திவிடுங்கள். உப்பைப் போட்ட பிறகு செலுத்தினால் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் அது அடித்துக்கொண்டு போய்விடும். குப்பியில் காற்றிடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். தாங்கல் கரைசலில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) உலோகங்களைக் கட்டிவைக்க 0.1 மில்லிமோலார் டிடிபிஏ என்ற உலோகப் பிணைப்பியைச் சேருங்கள். கரைசல் கடும் காரம் என்பதால், சேர்த்த பின் பிஹெச் அளவையும் சரிபாருங்கள். 300–400 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சப்பட்டால் பாலிசல்ஃபைடு வந்துவிட்டது என்று பொருள். அதைப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் கழிக்கும்போது அமிலத்தில் ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், ஆகவே நாற்றத்தை வைத்து ஆபத்தைக் கணிக்கவே கூடாது.

பிஹெச் 7.4-இல் ஏறக்குறைய கால் பங்கு, ஆவியாகி வெளியேறக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடாகவே கரைந்திருக்கும். திறந்த தட்டுகளில் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி பறந்துவிடும். சோதனைக்குப் பக்கத்திலேயே டைசோடியம் டெட்ராசல்ஃபைடு (தயார்நிலைப் பாலிசல்ஃபைடு) சேர்த்த ஒரு மாதிரியையும் ஓட்டுங்கள். புதிய சல்ஃபைடில் எதுவும் நடக்காமல் இதில் மட்டும் பெர்சல்ஃபைடு வந்தால் விடை கிடைத்துவிட்டது: வேலை செய்தது பாலிசல்ஃபைடுதான்.

கேள்வி: ரத்தத்தில் சல்ஃபைடை அளக்க மெத்திலீன் நீல முறை (சல்ஃபைடை நீலச் சாயமாக்கி நிறத்தை அளப்பது) போதுமா?

பதில்: போதாது. அதிலுள்ள அமிலம் புரதங்களிலுள்ள இரும்பு–கந்தகக் கொத்துகளை உடைத்து அவற்றின் கந்தகத்தையும் விடுவிக்கிறது, அளவு செயற்கையாக எகிறுகிறது. சல்ஃபைடோடு பிணைந்து ஒளிரும் பொருளைத் தரும் மோனோபுரோமோபைமேன் முறைக்கு மாறுங்கள்: பிஹெச் 9.5, இருட்டு, குறைந்த ஆக்ஸிஜன், பிறகு ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பகுப்புக் கருவி). பெர்சல்ஃபைடுகளிலிருந்தும் அது ஓரளவு கந்தகத்தை இழுக்கக்கூடும். எனவே வினை நேரத்தை எல்லா மாதிரிகளுக்கும் ஒரே அளவாக வையுங்கள்.