கயிலைக்குப் போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் திருவையாறு. ஆடி அமாவாசையன்று அப்பருக்குக் கயிலைக் காட்சி நடக்கும் ஊர். ஐந்து ஆண்டுகள் நின்றிருந்த கயிலை யாத்திரை 2025 ஜூனில் மீண்டும் தொடங்கியதும் விண்ணப்ப விதிகளைப் படித்தேன். பாஸ்போர்ட், விசா, குலுக்கல். சிவபெருமான் வீற்றிருக்கும் மலைக்குப் போகச் சீனாவின் அனுமதிக்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? 1962 போரில் நாம் இழந்த மலை அது. அதை மீட்பதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஏக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கயிலையை நாம் 1962இல் இழக்கவில்லை. அதற்கு முன்பும் அது திபெத்தில்தான் இருந்தது. நம்மவர்கள் இன்னொருவர் மண்ணைத் தாண்டித்தான் அங்கே போய் வந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் செய்த ஒப்பந்தம் அந்த வழக்கத்தைத்தான் எழுத்தில் வைத்தது. இந்திய யாத்திரிகர்கள் கயிலைக்கும் மானசரோவருக்கும் வரலாம். திபெத்தியர்கள் காசிக்கும் சாரநாத்துக்கும் கயாவுக்கும் சாஞ்சிக்கும் வரலாம். எட்டாண்டுக் கெடு 1962 ஜூனில் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. போர் வந்தது அக்டோபரில். வழி மறுபடி திறக்க 1981 ஆயிற்று.

இன்னும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. 1684இல் லடாக்குக்கும் திபெத்துக்கும் சண்டை முடிந்து உடன்படிக்கை ஆனபோது, தோற்றுப் போயிருந்த லடாக் மன்னர் திபெத்துக்குள் மின்சார் என்ற ஒரே ஒரு சிற்றூரைத் தனக்கென்று கேட்டு வைத்துக்கொண்டார். கயிலையிலும் ஏரிக்கரைகளிலும் விளக்கெரிக்க அந்த ஊரின் வரி போக வேண்டும் என்பது ஏற்பாடு. நம் கோயில்களில் நந்தா விளக்குக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டுகளில் படித்த நமக்கு இது அந்நியமானதல்ல. லடாக்கைப் பிடித்த காஷ்மீர் மன்னர்களின் ஆட்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே போய் வரி வாங்கினார்கள். இதை வைத்து மலைக்கே உரிமை கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மன்னர் கேட்டது விளக்குக்கு எண்ணெய். மலையை அவர் கேட்கவில்லை.

கயிலையை உண்மையில் இழந்தவர்கள் திபெத்தியர்கள். கலாச்சாரப் புரட்சியின்போது மலையைச் சுற்றியிருந்த மடாலயங்கள் இடிக்கப்பட்டன, வலம் வருவதே நின்று போயிற்று. இன்றும் கர்நாடகத்தில் திபெத்திய அகதிகள் குடியிருக்கும் பைலகுப்பேயில் அகதிச் சான்றிதழோடு வாழும் ஒரு திபெத்திய மூதாட்டி நம் அரசின் யாத்திரைக்கு விண்ணப்பிக்க முடியாது. அது இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும். திபெத்திய மொழியில் அவருக்கு அந்த மலையின் பெயர் காங் ரின்போச்சே. உங்களுக்குக் குலுக்கலில் பெயர் வரலாம், அவருக்கு அந்தச் சீட்டே கிடையாது. மீட்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவரைப் போன்றவர்களைத்தான் நினைத்தேன்.

அந்தப் பாதையில் நடப்பதைப் பாருங்கள். சுமார் 52 கிலோமீட்டர். இந்துக்களும் பௌத்தர்களும் மலையை வலமாகச் சுற்றுகிறார்கள். திபெத்தின் பழைய சமயமான போன் சமயத்தவர் இடமாகச் சுற்றுகிறார்கள். ஒரே ஒற்றையடிப் பாதை என்பதால் இரு தரப்பும் எதிரெதிரே வந்து, ஒதுங்கி வழிவிட்டுப் போகிறார்கள். சிலர் தோல் முன்கச்சை கட்டி, கைகளில் மரக்கட்டை மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தே முழுச் சுற்றையும் முடிக்கிறார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சமணர்களுக்கு முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் முக்தியடைந்த அஷ்டாபதமும் அங்கேதான். இத்தனை பேரின் மலையில் ஒரு நாட்டின் கொடியை நட ஆசைப்படுவது, அது பீஜிங்கின் கொடியானாலும் தில்லியின் கொடியானாலும், எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அங்கே போகும் வழியிலேயே வழக்கு இருக்கிறது. உத்தராகண்டிலிருந்து யாத்திரை கடந்து போகும் லிபுலேக் கணவாய் தன்னுடையது என்கிறது நேபாளம். 2020 மே மாதம் நாம் அங்கே சாலை திறந்ததும் அவர்கள் புதிய வரைபடமே வெளியிட்டார்கள். ஆங்கிலேயரும் நேபாளமும் 1816இல் உறுதிசெய்த சுகௌலி உடன்படிக்கையில் எல்லையாகச் சொன்ன காளி நதி எங்கே பிறக்கிறது என்பதில்தான் சிக்கல். 2017இல் பூடான் எல்லையருகே டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றபோது சிக்கிமின் நாதுலா கணவாய் வழி போன யாத்திரிகர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. எல்லையில் யார் முறுக்கிக்கொண்டாலும் முதலில் மூடப்படுவது யாத்திரைப் பாதைதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது 1954இல் இருந்ததைப் போன்ற ஓர் ஏற்பாட்டை. படைகள் சண்டையிட்டாலும் யாத்திரிகர்களுக்கு மூடாத வழி, அதில் திபெத்திய அகதிகளுக்கும் இடம். தில்லியிடம் இதை உரக்கக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நீங்கள் அவசியம் விண்ணப்பியுங்கள். வலம் வரும் பாதையில் மிக உயரமான கணவாயான டோல்மா லா 5,600 மீட்டருக்கு மேல். தில்லியிலும், லிபுலேக் வழியென்றால் கணவாய்க்கு முன் உள்ள குஞ்சி என்ற ஊரிலும் உடல் பரிசோதனை உண்டு. இப்போதே நடக்கத் தொடங்குங்கள்.