அந்தத் துப்பாக்கி ரவைப் பையை ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள், தம்பி

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். இங்கே பென்சில்வேனியாவின் லாங்காஸ்டரில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, பழைய கார் வாங்கலாமா, அப்புறம் வேலையிடத்து நண்பர் தன் கையால் தைத்துக் கொடுத்த ரவைப் பையை, அதாவது துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டுகளை வைக்கும் தோல் பையை, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாமாவுக்குப் பரிசாக எடுத்துப் போகலாமா என்று. வீட்டுக்கும் காருக்கும் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். மூன்றாவதில் நான் பட்டவன். அதை மட்டும் சொல்கிறேன்.

கொண்டுபோகாதீர்கள். கைப்பையிலும் வேண்டாம், பெரிய பெட்டியிலும் வேண்டாம்.

நான் 2004 டிசம்பரில் பென்சில்வேனியா வந்தேன். வாணியம்பாடி வெயிலில் வளர்ந்த உடம்பு. துணிச் செருப்புப் போன்ற ஷூவோடு பனியில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஓய்வுபெற்ற தச்சர், எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். அவர் வழியாகத்தான் இந்த ரவை போடும் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பார்த்தேன். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் இனம்தான். குழல் வாய் வழியாக வெடிமருந்து, தக்கை, ரவை, மேலே இன்னொரு தக்கை என்று கெட்டிப்பது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக மான் வேட்டைப் பருவம் விடுகிற மாநிலம் இது. 1974-இலிருந்து நடக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, உங்கள் நண்பர் கொடுத்ததும் எனக்கு அந்தப் பெரியவர் 2006-இல் கொடுத்த அதே வகைதான். சாதாரணப் பை இல்லை. சாரைப்பாம்பு நீளத்துக்கு ஒரு தோல் குழாய், தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வது, முனையில் மாட்டுக்கொம்பில் செதுக்கிய வாய். இங்கே அதை 'ஷாட் ஸ்நேக்' என்பார்கள். இரண்டு கிலோ ரவையை ஒரே பக்கம் தொங்கவிட்டால் தோள் போய்விடும். இதில் பாரம் உடம்பைச் சுற்றிப் பரவிவிடுகிறது. பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு ஒரு தடவைக்கு 32 கிராம் என்றால், அறுபது முறை சுடலாம். தைப்பதுதான் பெரிய வேலை. ஏழரை நம்பர் என்கிற பொடி ரவை ஒன்றின் குறுக்களவு 2.4 மில்லிமீட்டர்தான். தையலில் அதைவிட இடைவெளி விழுந்தால் நடக்க நடக்க ஒழுகிவிடும். அதனால் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றித் தைப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது. உங்கள் நண்பர் இதற்கு எத்தனை மாலைப் பொழுதைச் செலவழித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

என் அப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போன கதையெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், 2007 தை மாதம் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, ரவையைக் கொட்டிவிட்டு அந்தப் பையைக் கைப்பையில் சுருட்டி வைத்தேன். விமான நிலையத்தில் பையைச் சின்னத் துணியால் துடைத்து, வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவியில் அந்தத் துணியை வைத்தார்கள். கருவி அலறியது. நாலரை மணி நேரம் ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். என் தோல் நிறத்துக்கும் பெயருக்கும் சேர்த்து அரை மணியாவது கூடுதலாகக் கேள்வி கேட்டார்கள் என்பது இன்றும் மனதில் உறுத்துகிறது. பையை வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள். விமானம் போய்விட்டது. தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது நான் நடுவானில் இருந்தேன்.

காரணம் எளிது. இந்தத் துப்பாக்கிகளில் போடும் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். பையில் ரவைதானே இருந்தது என்று நினைப்பீர்கள். மருந்து கொட்டிய அதே கைதான் பையையும் பிடிக்கிறது. பட்டையில் பதனிட்ட தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தால் போகாது. அது போக, மடிப்பில் நாலு ரவை தங்கியிருந்து சென்னையில் இறங்கும்போது கண்ணில் பட்டால், நம் ஊர் 1959 ஆயுதச் சட்டத்தோடு பேச வேண்டியிருக்கும். நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம் கேட்கிற சட்டம் அது. பெற்ற பரிசு என்ற விளக்கம் அங்கே எடுபடாது. ரவை ஈயம் என்பதையும் மறக்க வேண்டாம். மாமா வீட்டுக் குழந்தைகள் கையில் அந்தப் பை போகக் கூடாது. நீங்களும் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

நண்பரோடு சுடும் மைதானத்துக்குப் போகலாமா என்றால், போங்கள். பதினைந்து வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத நம் ஆட்கள் "வெள்ளைக்காரன் துப்பாக்கி, வம்பு" என்று பயமுறுத்துவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த ஊரில் எனக்கு ஒரு மனிதரும் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் சட்டம் தெரிந்துகொண்டு போங்கள். விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் போலச் சில விலக்குகள் இருக்கின்றன. கருமருந்து மட்டுமே போட்டு வாய்வழி கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை அந்தச் சட்டம் பொதுவாகப் பழம்பொருளாகக் கணக்கிடுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. அதே மைதானத்தில் யாராவது நவீனத் துப்பாக்கியை நீட்டினால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். துப்பாக்கியோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

மருந்து வைத்திருக்கும் மாட்டுக்கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்து கொட்டாதீர்கள். உள்ளே ஒரு பொறி மிச்சம் இருந்தாலும் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் பற்றிக்கொள்ளும். அளவுக் குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். மற்றதை உங்கள் நண்பர் சொல்லித் தருவார்.

பை போன பிறகு பெரியவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை தோலையும் இரண்டு ஊசியையும் என் கையில் கொடுத்து, "இந்த முறை நீயே தை" என்றார். ஆறு வாரம் ஆனது. முதல் தடவை ஒழுகியது, பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

2012-இல் அப்பா இங்கே வந்தபோது கொல்லைப்புறக் கொட்டகையில் அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோந்து பார்த்தார். நகத்தால் ஓரத்தை அழுத்தினார். "ஆவாரம் இல்லடா, வேற ஏதோ மரப்பட்டை" என்றார். ஓக் மரம் என்றேன். "யாரா இருந்தாலும் அவசரப்படாம ஊறவெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டே பெரியவரோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. தையலைத் தடவித் தடவியே பேசிக்கொண்டார்கள்.

மாமாவுக்கு வேறு ஏதாவது வாங்கிப் போங்கள், தம்பி.