யூடியூபில் வெளியே தெரியும் எண்ணும் சேனல்காரர் பார்க்கும் எண்ணும் ஏன் வேறுபடுகின்றன?

சந்தாதாரர் எண்ணிக்கையைத்தான் கேட்கிறீர்கள் என்றால், இது பிழையில்லை. 2019 செப்டம்பரிலிருந்து, ஆயிரம் பேரைத் தாண்டிய சேனல்களுக்கு முதல் மூன்று இலக்கங்களை மட்டுமே யூடியூப் பொதுவில் காட்டுகிறது. அதுவும் கீழ்நோக்கிச் சுருக்கி. 1,23,999 பேர் இருந்தாலும் 1.23 லட்சம்தான், இன்னும் ஒருவர் சேர்ந்ததும் 1.24 ஆகிவிடும். யூடியூப் ஏபிஐ (பிற தளங்கள் யூடியூபிலிருந்து தரவு எடுக்கும் வழி) மூலம் எண் எடுக்கும் வெளித் தளங்களுக்கும் இதே சுருக்கிய எண்தான் கிடைக்கும். துல்லியமான கணக்கு யூடியூப் ஸ்டூடியோவில், அதாவது சேனலை நிர்வகிக்கும் பக்கத்தில், சேனல்காரருக்கு மட்டும்.

பார்வை எண்ணிக்கை வேறு கதை. அது முழுசாகவே தெரியும், ஆனால் போலிப் பார்வைகளைச் சலித்துக் கழிப்பதால் சில நேரம் நின்று போகும், குறையவும் செய்யும். 2015 வரை பல வீடியோக்கள் 301-இல் உறைந்து நின்றதும் இந்தச் சரிபார்ப்பால்தான்.

அப்புறம் ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோக்கள். 2025 மார்ச் 31 முதல் அது ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கே இல்லை. வருமானத்துக்கு எடுத்துக்கொள்வது வேறொரு எண், அது பொதுவில் வராது. அதனால் ஷார்ட்ஸ் பார்வையையும் நீள வீடியோ பார்வையையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள். விளம்பரம் கொடுப்பவராக இருந்தால், சேனல்காரரிடம் ஸ்டூடியோ பக்கத்தையே காட்டச் சொல்லுங்கள்.